எந்த வழியால் போனார்?

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு என் மகளின் மகள் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. பகலில் பாதி நேரம் கையடக்கத் தொலைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ளுஹருக்குப் பிறகு நான் சாய்கதிரையில் கண்ணயர்ந்துகொண்டிருந்த வேளை, கோபத்தோடு வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா, இந்த மனிசன் செஞ்சிருக்கிற வேலையப் பாருங்களேன். தாயக்கட்டைய உருட்டித்தானாம் யார் மௌத்தாகிற, யார் மிஞ்சுற எண்டு முடிவெடுத்திருக்கிறார். இது அநியாயம் இல்லியா?"

கதையில் வருகிற ஆட்கள்தானே என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நான் மூண்டு கிழமையா அவங்களோட இருக்கிறேன் அப்பா" என்றாள். அந்தப் பதில் என் சிரிப்பை நிறுத்திவிட்டது. ஏனெனில் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கும் ஒருவர் ஏறத்தாழ இதே பொருளில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதற்கு நான் இன்றுவரை பதில் எழுதவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பேத்தியின் வழக்கை விசாரிப்போம்.

அவள் வாசித்தது 'வோர்ம்' என்ற ஆங்கில இணையத் தொடர்கதை. புழு என்பது பொருள். 'வைல்ட்போ' என்ற புனைபெயரில் எழுதும் ஜோன் மெக்ரே எனும் கனேடியர், 2011 ஜூன் தொடங்கி 2013 நொவெம்பர் வரை வாரத்துக்கு இரு தடவைகள் என இதனை இணையத்தில் எழுதி முடித்தார். ஏறத்தாழ பதினேழு இலட்சம் சொற்கள். நமது பெருநாவல்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்த நீளம் வருமா என்பது சந்தேகமே. கதைநாயகி டெய்லர், பள்ளிக்கூடத்தில் சக மாணவிகளால் வதைக்கப்படும் பதினைந்து வயதுப் பெண். பூச்சி புழுக்களை ஆட்டுவிக்கும் ஆற்றல் அவளுக்குக் கிட்டுகிறது. நல்லவளாக இருக்கவேண்டும் என்று புறப்பட்டவள் கெட்டவர்களின் கூட்டத்தில் போய்ச் சேர்கிறாள். ஆற்றல் உள்ளவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களை அரசு எப்படிக் கணக்கெடுக்கிறது, சிறையில் எப்படி அடைக்கிறது, காப்புறுதிக்காரன் முதல் கடைக்காரன் வரை அவர்களோடு எப்படி வாழப் பழகியிருக்கிறார்கள் என்றெல்லாம் அங்கே ஓர் உலகமே கட்டப்பட்டிருக்கிறது.

அந்த உலகத்தில் லெவியதன் எனும் ஒரு பேருயிர் கடலிலிருந்து எழுந்து, பேரலைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நகரத்தின் மேல் வருகிறது. நல்லவர்களும் கெட்டவர்களும் ஒன்றாக நின்று அதனை எதிர்க்கிறார்கள். பலர் சாகிறார்கள். யார் யார் சாவதென்பதைத் தாம் பகடை உருட்டியே தீர்மானித்ததாகவும், கதைநாயகிக்கும் அவ்வாறே உருட்டியதாகவும், அவளுக்கு எதிராக விழுந்திருந்தால் வேறொரு பாத்திரத்தைக் கொண்டு கதையைத் தொடர்ந்திருப்பேன் என்றும் ஆசிரியர் பின்னர் சொன்னார். பேத்தியின் கண்ணில் பட்டது இந்தச் செய்திதான்.

இதில் அநியாயம் யாருக்கு? பாத்திரத்துக்கு அல்ல. டெய்லர் என்று ஒருத்தி பிறக்கவுமில்லை, இறக்கவுமில்லை. இல்லாத ஒருவருக்கு அநீதி இழைக்க முடியாது. அப்படியாயின் அநியாயம் வாசகருக்கா? வாசகரின் கையிலிருந்து எதையும் எவரும் பறிக்கவில்லை. காசும் கேட்கவில்லை. பிறகு இந்தக் கோபத்துக்கு என்ன நியாயம்?

கொலின் ரட்ஃபோர்ட் எனும் ஆங்கில மெய்யியலாளர் 1975இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். அன்னா கரீனினா என்று ஒருத்தி இருந்ததேயில்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அவளது விதியை எண்ணி மனம் நோகிறோம். இது எப்படிச் சாத்தியம்? நமது இந்த உணர்வு இயல்பானதுதான், ஆனால் தருக்கத்துக்கு இசையாதது என்று அவர் முடித்தார். மெய்யியலாளருக்கு அந்த முடிவு போதுமாக இருக்கலாம். தொடர்கதை எழுதியவனுக்குப் போதாது. அன்னா கரீனினாவை இன்று வாசிப்பவர் அவளது முடிவை மாற்றச் சொல்லி யாரிடமும் போக முடியாது. தொடர்கதை வாசகர் போகலாம். அடுத்த அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதுபவன் உயிரோடு இருக்கிறான், அவனுக்குக் கேட்கும் தூரத்தில் வாசகர் நிற்கிறார். துக்கம் கோரிக்கையாக மாறுவது அங்கேதான். கோரிக்கை வந்துவிட்டால் கூடவே கடமை என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

*

இணையம் வந்த பிறகுதான் வாசகர் வாய் திறந்தார் என்று நினைப்பது பிழை. 'ஆயிரத்தொரு இரவுகளை' எண்ணிப் பாருங்கள். கதை கேட்பவன் கையில் கதைசொல்லியின் உயிர் இருந்தது. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்ற ஒரு வாக்கு மட்டுமே ஷஹ்ராசாதைக் காத்தது. தொடர்கதையின் முழு இலக்கணமும் அதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் 'கிளரிஸா' நாவலை 1747, 1748ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கிளரிஸா இறக்கப்போகிறாள் என்று அறிந்த வாசகியொருவர், பிரட்ஷே சீமாட்டி, தம் பெயரை மறைத்து அவருக்குக் கடிதங்கள் எழுதி மன்றாடினார். அவளை வாழவிடுங்கள் என்பதே கோரிக்கை. ரிச்சர்ட்சன் பொறுமையாகப் பதில் எழுதினார், தமது பக்கத்து நியாயங்களைச் சொன்னார். ஆனால் அசையவில்லை. கிளரிஸா இறந்தாள்.

ஆர்தர் கொனன் டொயில் வேறு வழியில் போனார். ஷெர்லொக் ஹோம்ஸை எழுதியெழுதி அலுத்து, 1893 டிசெம்பர் மாத 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் சுவிட்ஸர்லாந்தின் ரைக்கன்பாக் நீர்வீழ்ச்சிக்குள் அவரை அனுப்பிவைத்தார். வாசகர்கள் கொதித்தார்கள். சில ஆண்டுகள் டொயில் தாக்குப்பிடித்தார். 1901இல் 'பாஸ்கர்வில்ஸின் வேட்டைநாய்' தொடரைத் தொடங்கியபோதுகூட அதனை ஹோம்ஸின் மரணத்துக்கு முன்னர் நடந்த கதையாகவே எழுதினார். 1903இல்தான் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார். வாசகர் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். நீர்வீழ்ச்சியின் விளிம்பில் வொட்சன் காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும் கண்டார். உடலை எவரும் காணவில்லை. தெரிந்தோ தெரியாமலோ டொயில் ஒரு கதவைத் தாழிடாமல் விட்டிருந்தார். ஹோம்ஸ் திரும்பி வந்தது அந்தக் கதவால். சுவரைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தால் வாசகர்கள் மகிழ்ந்திருப்பார்கள், ஆனால் அதற்கப்புறம் எந்த மரணத்தையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுத்தவர் ஒருவர், இணங்கியவர் ஒருவர். இருவரையும் நாம் குற்றம் சொல்வதில்லை. ஆக, வாசகரின் மன்றாட்டுக்கு இணங்குவதா மறுப்பதா என்பதில் அறம் தங்கியிருக்கவில்லை. வேறெதிலோ தங்கியிருக்கிறது.

*

அந்த வேறெதுவை இணையத் தொடர்கள் இரண்டு எனக்குத் தெளிவாக்கின.

முதலாவது, அன்டி வியர் எழுதிய 'த மார்ஷியன்'. செவ்வாய்க் கிரகத்தில் தனியே விடப்பட்ட ஒருவன் உயிர் தப்பும் கதை. கணினி நிரலாளரான வியர் 2009 தொடங்கித் தமது சொந்த இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இதனை இலவசமாக எழுதினார். 2011இல் மின்நூலாகவும், 2014இல் பெரிய பதிப்பகமொன்றின் அச்சு நூலாகவும் வந்து, 2015இல் திரைப்படமும் ஆகிவிட்டது. தொடராக வந்த காலத்தில் அதை வாசித்தவர்களில் இரசாயனம் தெரிந்தவர்கள், பொறியியல் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். கணக்குப் பிழைத்த இடத்தில் பிழை என்று எழுதினார்கள். வியர் திருத்திக்கொண்டார். கதைநாயகன் எரிபொருளைக் கொண்டு நீர் உண்டாக்குகிறான், அந்த நீரில் கிழங்கு பயிரிடுகிறான். அவன் பிழைப்பானா என்ற கேள்விக்கு இத்தனை லீற்றர் நீர், இத்தனை நாளுக்கான உணவு என்பதே பதில். கணக்கைத் திருத்திய வாசகர் தம் விருப்பத்துக்காக வாதாடவில்லை. அவனது உயிர் நிற்கும் நிலத்தை உறுதியாக்கினார்.

இங்கே ஒரு வேடிக்கை. கதை தொடங்குவதே ஒரு பெரும் புயலில்தான். செவ்வாயின் வளிமண்டலம் பூமியினதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே கொண்டது. எவ்வளவு வேகமாக வீசினாலும் அங்குள்ள காற்றால் ஒரு விண்கலத்தைச் சாய்க்க முடியாது. வியருக்கு இது தெரிந்தே இருந்தது. கதையைத் தொடங்க அவருக்கு ஒரு புயல் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார். வாசகர்களும் மன்னித்தார்கள். வாசலில் ஒரு பொய்யை வாசகர் தாண்டி வருவார் என்பதே இதன் பாடம். ஒரு மனிதன் பூச்சிகளை ஆட்டுவிக்கிறான் என்றால் சரி என்பார். விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும் என்றால் வரட்டும் என்பார். வீட்டின் நடுவில் வைத்துச் சொல்லப்படும் பொய்யைத்தான் அவர் மன்னிப்பதில்லை.

இரண்டாவது, எலியேசர் யுட்கௌஸ்கி எனும் அமெரிக்கர் எழுதியது. 'ஹரி பொட்டரும் பகுத்தறிவு முறைகளும்' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். ரோலிங்கின் உலகத்தை இரவல் வாங்கி, அதே சிறுவன் அறிவியல் முறைப்படி சிந்திப்பவனாக வளர்ந்திருந்தால் என்னவாகும் என்று 2010 பெப்ரவரியில் தொடங்கி 2015 மார்ச்சில் 122 அத்தியாயங்களில் முடித்தார். 113ஆவது அத்தியாயத்தில் ஹரி எதிரிகளால் சூழப்பட்டு, அடுத்த கணம் சாகும் நிலையில் நிற்கிறான். அந்த இடத்தில் ஆசிரியர் கதையை நிறுத்தி வாசகர்களிடம் ஒரு பரீட்சை வைத்தார். 60 மணித்தியாலம் அவகாசம். அவன் தப்புவதற்கு நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தால் கதை தொடரும். இல்லையேல் குறுகியதும் துயரமானதுமான முடிவுதான். நிபந்தனைகளும் விதித்தார். வெளியிலிருந்து எவரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். அவனிடம் ஏற்கனவே இருப்பதைக் கொண்டு, அந்த உலகின் விதிகளுக்குள் நின்று அவன் தன் முயற்சியால் தப்பவேண்டும். வாசகர்கள் பெருந்தொகையாகப் பதில் எழுதினார்கள். வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஹரி பிழைத்தான்.

முதலில் இதனை ஒரு வியாபார தந்திரம் என்றே எண்ணினேன். யோசிக்க யோசிக்க அது ரிச்சர்ட்சனுக்கும் கிட்டாத ஒரு நேர்மையான பதில் என்று பட்டது. 'அவனைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்டவர்களிடம் அந்த ஆசிரியர், 'எந்த வழியால் என்று சொல்லுங்கள்' என்று திருப்பிக் கேட்டார். கண்ணீரை அவர் அவமதிக்கவில்லை. அதனை வேலைக்கு அழைத்தார்.

*

கண்ணீரைப் பற்றி ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. நாடகத்தில் அழுபவன் தன் மனிதக் கடமையை அத்தோடு முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான், கையிலிருந்து எதையும் கொடுக்காமலே நல்லவனாகிவிடுகிறான் என்று ரூசோ 1758இல் தலம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சொன்னார். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. தொடர்கதை நாயகிக்காக ஓர் இரவு முழுக்கத் தூக்கம் கெட்டவர், விடிந்ததும் வாசலில் நிற்கும் பெண்ணை நிமிர்ந்து பாராமல் போவதை நானும் கண்டிருக்கிறேன். அந்த ஆள் நானாகவும் இருந்திருக்கிறேன்.

ஆனால் ரூசோவின் கண்ணில் ஒருவர் படவில்லை. துயரத்துக்கு வெளியே வசதியாக இருந்துகொண்டு அழுபவரையே அவர் கண்டார். துயரத்துக்கு உள்ளே இருந்துகொண்டு கதை வாசிப்பவரும் உண்டு. அவரது கண்ணீரும் கோபமும் வேறு வகை. அப்படி ஒருவரைப் பற்றித்தான் இனிச் சொல்லவேண்டும்.

*

எண்பதுகளின் முற்பகுதியில் மன்னார் மாவட்டப் பெருநிலப்பரப்பிலுள்ள ஒரு முஸ்லிம் கிராமத்துப் பாடசாலையில் மூன்று ஆண்டுகள் படிப்பித்தேன். மலைநாட்டிலிருந்து போன எனக்கு அந்த வெயிலும் பனைகளும் புதிது. ஊர் என்னைத் தன் பிள்ளைபோல் வைத்திருந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அந்த ஊரும் வெறுமையாயிற்று. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எனது மாணவர்கள் சிலரைப் போய்க் கண்டேன். அதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதவன் செய்யக்கூடியதைச் செய்தேன். எழுதினேன்.

1993இல் ஒரு வாரப் பத்திரிகையில் அது தொடர்கதையாக வந்தது. முகாமில் இருக்கும் ஒரு வயோதிபர், சாகுமுன் ஒரு தடவை தன் வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று தவிக்கிறார். அவ்வளவுதான் கதை. அவர் போகாமலே முகாமில் மௌத்தாவதாக நான் திட்டமிட்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் பத்திரிகை முகவரிக்கு எனக்கொரு கடிதம் வந்தது. கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியது. எழுதியவர் புத்தளத்தில் ஒரு முகாமிலிருந்த பெண். கதை நடக்கும் ஊர் எது என்று நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்திருந்தார். கடிதத்தில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, திருத்தம். வயோதிபரின் மனைவி கப்பியில் கயிறிழுத்துத் தண்ணீர் அள்ளுவதாக நான் எழுதியிருந்தேன். 'எங்கட ஊரில் கப்பி இல்லை மாஸ்டர், துலாதான். நீங்கள் மூன்று வருஷம் அந்தத் தண்ணியைக் குடித்திருப்பீர்களே' என்று எழுதியிருந்தார். மற்றது, வேண்டுகோள். 'அந்த மனிசரை ஒருக்கா ஊருக்குப் போக விடுங்கள்.'

எனக்கு வெட்கமாக இருந்தது. கப்பி என் சொந்த ஊர்க் கிணற்றினுடையது. அவரது ஊரை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் கிணற்றைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன். அந்த ஊரில் அப்போது துலாக்கள் சாய்ந்து, கிணறுகள் தூர்ந்து கிடந்திருக்கும். அவை ஒழுங்காக நின்றுகொண்டிருந்த இடம் அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் ஞாபகம் ஒன்றுதான். புனைவின் உலகத்தைக் கட்டுவது பற்றி விமரிசகர்கள் நிறையப் பேசுகிறார்கள். கப்பியா துலாவா என்பது வெறும் அலங்காரமல்ல என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். காணி உறுதியும் கைவிட்டுப் போனவருக்கு அந்தத் துலா ஒரு சாட்சி.

அடுத்த வாரமே துலாவாக மாற்றினேன். வேண்டுகோளையும் நிறைவேற்ற முடிவு செய்தேன். சுபமாக முடியுங்கள் என்று பத்திரிகையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் வயோதிபர் ஊருக்குப் போனார். அஸர் நேரத்து வெயிலில் துலாவை மிதித்து இறக்கித் தண்ணீர் அள்ளி வுழூச் செய்தார். அதை எழுதும்போது என் கண்ணே கலங்கியது. பாராட்டுக் கடிதங்கள் பல வந்தன. அந்தப் பெண்ணிடமிருந்தும் ஒன்று வந்தது. அதே கொப்பித் தாள், அதே பென்சில்.

'துலாவுக்கு நன்றி மாஸ்டர். ஆனால் அவர் எந்த வழியால் போனார்? பாஸ் யார் கொடுத்தது? ஆமிக்காரன் விட்டாலும் மற்றப் பக்கம் யார் விட்டது? எங்களுக்கும் சொன்னால் நாங்களும் போகலாமே.'

கேலியாக எழுதப்பட்டதா, வெகுளியாக எழுதப்பட்டதா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இன்று இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அந்த மனிதரை ஊருக்கு அனுப்பும்படி கேட்டவர் அவரே. அனுப்பியதும் நம்ப முடியாமல் போனவரும் அவரே. கதையைப் பதினைந்து வாரம் நான் மூடப்பட்ட பாதைகளின் உலகமாகக் கட்டியிருந்தேன். முகாம் பதிவும் நிவாரண முத்திரையும் காவலரணும் ஒவ்வொன்றாக எழுதியவன், கடைசியில் அவற்றில் ஒன்றையும் தொடாமல் மனிதரைத் தூக்கி அக்கரையில் வைத்துவிட்டேன். இரக்கத்தால் செய்தேன் என்று நம்பினேன். ஆனால் அந்த இரக்கம் என்ன சொல்லிற்று? பாதை அடைபட்டிருப்பது ஒரு பெரிய விடயமல்ல, மனம் வைத்தால் போய்விடலாம் என்று சொல்லிற்று. அடைபட்ட பாதையின் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

*

ஆகவே என் பேத்தியின் வழக்குக்கு இவ்வாறு தீர்ப்புச் சொல்வேன்.

பாத்திரத்தின் உயிர் வாசகருக்குச் சொந்தமானதல்ல. எழுத்தாளனுக்கும் அது முழுச் சொந்தமல்ல. முதல் அத்தியாயங்களில் அவன் ஓர் உலகத்தை நிறுவி, இங்கே தண்ணீர் இப்படித்தான் ஓடும், நெருப்பு இப்படித்தான் சுடும், மனிதர் இப்படித்தான் சாவார்கள் என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறான். வாசகர் அந்த வாக்கை நம்பித்தான் தன் மனதைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறார். அவருக்குள்ள உரிமை அந்த வாக்கின் மேல் உள்ளது. முடிவைப் பற்றி அவர் மன்றாடலாம். மன்றாட்டு இழிவானதல்ல. இரக்கமில்லாதவர் மன்றாடுவதில்லை. எழுத்தாளன் அதற்கு இணங்கலாம், மறுக்கலாம். ஆனால் இணங்குவதாயின் வழியைக் காட்டவேண்டும். டொயில் காட்டினார். யுட்கௌஸ்கி வாசகர்களையே தேட வைத்தார். நான் காட்டவில்லை.

அப்படியானால் பகடை? 2004 டிசெம்பர் 26, அந்த ஞாயிறு காலையில் அம்பாறைக் கரையோரத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரே வீட்டில் ஒருவர் மிஞ்சினார், அவரது கைப்பிடியில் இருந்தவர் போனார். அலை யாருடைய குணநலனையும் விசாரிக்கவில்லை. அதன் பின்னால் பகடை இல்லை, கத்ர் உண்டு என்பது நமது ஈமான். ஆனால் கரையில் நின்ற மனிதக் கண்ணுக்கு எந்த ஒழுங்கும் தென்படவில்லை என்பதும் உண்மை. கதைகளில் வரும் பேரலைகளுக்கு மட்டும் யார் கதாநாயகன் என்று எப்படியோ தெரிந்துவிடுகிறது. அவை அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. வீட்டின் நடுவில் சொல்லப்படும் பொய் என்று நான் குறிப்பிட்டதில் மிகப் பழையது இதுவே. அந்தக் கனேடிய எழுத்தாளர் தம் நாயகிமேல் தமக்கிருந்த பாசம் அலையைத் திருப்பிவிடும் என்று அஞ்சியிருக்கவேண்டும். அதனால்தான் பகடையைக் கையில் எடுத்தார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். தம் உலகத்தைத் தம் பாசத்திடமிருந்து காப்பாற்றினார்.

ஆயினும் பகடை அவரது பொறுப்பைத் தீர்த்துவிடவில்லை. உருட்ட முடிவெடுத்தது அவர். விழுந்த எண்ணுக்கு ஒரு முகம் கொடுத்து, அந்த மரணத்தை எழுதியதும் அவர் கை. 'நான் கொல்லவில்லை, கட்டைதான் கொன்றது' என்று அவர் சொல்லியிருந்தால் பேத்தியின் பக்கமே நிற்பேன்.

இத்தனையையும் நான் அவளுக்குச் சொல்லி முடித்தபோது அவள் பகடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த ராத்தாவுக்கு நீங்க பதில் எழுதினீங்களா?" என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். "ஏன்?" என்றாள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றேன். "வழி தெரியாது எண்டு எழுதியிருக்கலாமே" என்றாள்.

அந்தத் தொடரை நூலாக்குமாறு நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. இதுவரை மறுத்தே வந்திருக்கிறேன். 2009இல் போர் முடிந்த பின் பாதைகள் திறந்தன, காடாகிப்போன காணிகளுக்கு மக்கள் சிலர் திரும்பியுமிருக்கிறார்கள். ஆனால் என் கதையின் வயோதிபர் நிற்பது 1993இல். நூலாக்குவதாயின் அவருடைய கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதவேண்டும். அவர் முகாமில் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, போகும் வழியை ஒவ்வொரு காவலரணாக எண்ணிப் பார்ப்பார். எங்கே தடைபடுகிறதோ அங்கே நின்றுவிடுவார். துலா அக்கரையில் நிற்கும். அதனை நான் மாற்ற மாட்டேன்.